இரண்டும் வேறு வேறு சார்புகள் என்றால் நடுவில் சமக்குறி எப்படி வந்தது?

கேள்வியை என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 3ப − 7 என்று ஒரு சார்பு, −2ப + 8 என்று இன்னொரு சார்பு. இரண்டின் கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கேட்டால் எல்லாரும் 3ப − 7 = −2ப + 8 என்று எழுதித்தான் ஆரம்பிக்கிறார்கள். "இரண்டும் வேறு வேறு சார்புகள் என்று கணக்கே சொல்கிறது, அப்புறம் எப்படிச் சமம் என்று போடலாம்?" இது உங்கள் முதல் சந்தேகம். 2ப + 1, 2ப + 8 என்ற வேறொரு கணக்கில் இதே வழியில் போனபோது மாறி காணாமல் போய் 1 = 8 என்று வந்து நின்றுவிட்டது, எங்கே தப்புப் பண்ணினேன் என்று கேட்கிறீர்கள். மூன்றாவது, முதல் கணக்கை வரைபடத் தாளில் போட்டால் 2.9 வருகிறது, புத்தகத்தின் பின்பக்கத்தில் 3 என்று இருக்கிறது, எதை நம்புவது என்பது. மாறிக்கு நீங்கள் ப என்று எழுதியிருப்பதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். சார்பு தரும் மதிப்பை ம என்று சொல்கிறேன்.

மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். அந்தச் சமக்குறி அங்கே என்ன வேலை செய்கிறது என்பது தெளிவானால் மற்ற இரண்டும் தானாக அவிழும். அதனால் சூத்திரத்துக்குப் போகுமுன் உங்கள் இரண்டு சார்புகளுக்குள்ளும் சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். ப = 0 என்றால் முதல் சார்பு −7 தருகிறது, இரண்டாவது 8 தருகிறது. ப = 1 என்றால் −4, 6. ப = 2 என்றால் −1, 4. ப = 3 என்றால் 2, 2. ப = 4 என்றால் 5, 0. ஐந்து இடங்களில் பார்த்தோம். நான்கில் இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போகின்றன. ஆகவே இரண்டும் வேறு சார்புகள் என்று நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. வேறு சார்புகளாக இருந்துகொண்டே ஒரே ஓர் இடத்தில் ஒரே மதிப்பைத் தருகின்றன என்பதும் உண்மை. அந்த இடத்தில்தான் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன, (3, 2) என்ற புள்ளியில்.

3ப − 7 = −2ப + 8 என்று எழுதும்போது "இவை இரண்டும் சமம்" என்று யாரும் அறிவிக்கவில்லை. "எந்தெந்த ப-க்கு இவை இரண்டும் ஒரே மதிப்பைத் தரும்?" என்று கேட்கிறோம். அது ஒரு கேள்வி. கேள்விக்குறி போடாமல் சமக்குறி போட்டு எழுதுவது கணித வழக்கம், அதனால்தான் இந்தக் குழப்பம். இதே குறியை அறிவிப்புக்கும் பயன்படுத்துகிறோம்: 2(ப + 4) = 2ப + 8 என்று எழுதினால் ப எதுவாக இருந்தாலும் இது உண்மை என்று சொல்கிறோம். அதற்கு முற்றொருமை என்று பெயர். கேள்வியாக வருவது சமன்பாடு. இரண்டுக்கும் தாளில் ஒரே உருவம். எது எது என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும், இதைப் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

பல ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு மாணவி, நான் கரும்பலகையில் சமக்குறி போட்ட நொடியில் எழுந்து, "சார், ரெண்டும் வேற வேற கோடுன்னு இப்பத்தானே வரைஞ்சு காட்டினீங்க?" என்று கேட்டாள். "வெட்டுற இடத்துல சமம், அதனால அப்படித்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் முகம் தெளியவில்லை. அவள் கேட்டதில் இருந்த நியாயம் எனக்கு உறைக்க நாளானது. வெட்டும் இடம் எது என்று இன்னும் தெரியாதபோது, அந்த இடத்தில் சமம் என்பதை வைத்து எப்படித் தொடங்குவது என்பதுதான் அவள் கேள்வி. அதற்குப் பதில்: "அப்படி ஓர் இடம் இருந்தால் அது எதுவாக இருக்க வேண்டும்?" என்று கேட்டபடி நகர்கிறோம். இருந்தே தீரும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இந்த "இருந்தால்" என்ற சொல்லில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மேலே எழுதிய எண்களை இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை முதல் மதிப்பிலிருந்து இரண்டாவதைக் கழித்தபடி. ப = 0 இல் −15. ப = 1 இல் −10. அடுத்து −5, 0, 5. இதை இடைவெளி என்று அழைப்போம். ப ஒவ்வொன்றாக ஏறும்போது இடைவெளி ஐந்தைந்தாக மாறுகிறது. ஏன் ஐந்து? முதல் கோடு ஓர் அடிக்கு 3 ஏறுகிறது, இரண்டாவது ஓர் அடிக்கு 2 இறங்குகிறது, ஒன்றை நோக்கி ஒன்று வருவதால் 3 + 2. தொடக்கத்தில் 15 இடைவெளி, அடிக்கு 5 குறைகிறது, மூன்றாவது அடியில் அடைபடுகிறது. இவ்வளவுதான் கணக்கு. 3ப − 7 = −2ப + 8 என்பதில் இரு பக்கமும் 2ப கூட்டி, இரு பக்கமும் 7 கூட்டினால் 5ப = 15 என்று வருகிறதே, அந்த 5 இடைவெளி அடைபடும் வேகம், அந்த 15 தொடக்க இடைவெளி. இயற்கணிதம் நமக்குத் தெரியாமல் இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

பொதுவாகச் சொன்னால், சாய்வுகளின் (கோடு ஓர் அடிக்கு ஏறும் அளவுகளின்) வித்தியாசத்தால் வெட்டுத்துண்டுகளின் (ப = 0 இல் வரும் மதிப்புகளின்) வித்தியாசத்தை வகுக்க வேண்டும். இரண்டாம் வெட்டுத்துண்டிலிருந்து முதலாவதைக் கழித்துக்கொண்டால், முதல் சாய்விலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். வரிசை மாறுவதைக் கவனியுங்கள், குறி தவறும் இடம் அது. சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். இடைவெளி எவ்வளவு, அடிக்கு எவ்வளவு அடைபடுகிறது என்று கேட்டாலே போதும்.

இந்தப் பார்வை மிகப் பழையது. கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் 30-ஆம் பாடல் இதையே சொல்கிறது. இருவரிடமும் குளிகை எனப்படும் மதிப்புத் தெரியாத பொருள் சில இருக்கின்றன, ரூபகம் எனப்படும் காசும் இருக்கிறது, இருவரின் மொத்தச் செல்வமும் சமம். ரூபகங்களின் வித்தியாசத்தைக் குளிகைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் மதிப்பு கிடைக்கும் என்கிறது பாடல். 6 குளிகையும் 10 ரூபகமும் ஒருவரிடம், 4 குளிகையும் 16 ரூபகமும் மற்றவரிடம் என்று வைத்துக்கொண்டால், 6-ஐ 2-ஆல் வகுக்க ஒரு குளிகை 3 ரூபகம், இருவரிடமும் 28. நம் மொழியில் 6ப + 10, 4ப + 16 என்ற இரண்டு நேரியல் சார்புகள், அதாவது வரைந்தால் நேர்கோடு தருபவை, (3, 28)-இல் வெட்டிக்கொள்கின்றன. அடுத்த பாடலான 31-ஆவது, நகரும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் நேரத்தைச் சொல்கிறது: எதிரெதிராக வந்தால் தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு, ஒரே திசையில் போனால் வேகங்களின் வித்தியாசத்தால் வகு. உங்கள் கணக்கில் 3-உம் −2-உம் சேர்ந்து 5 ஆனது இதனால்தான், இரண்டு கோடுகளும் எதிரெதிராக வருகின்றன. வரைபடத் தளம் என்ற எண்ணம் 1637-இல் டெக்கார்ட்டின் வடிவியல் நூலோடு பரவத் தொடங்கியது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே, கோடு எதையும் வரையாமல், இடைவெளியையும் வேகத்தையும் வைத்தே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இப்போது 1 = 8. நீங்கள் எங்கும் தப்புப் பண்ணவில்லை. 2ப + 1, 2ப + 8 இரண்டுமே அடிக்கு 2 ஏறுகின்றன. தொடக்கத்தில் இடைவெளி −7. அடுத்த அடியிலும் −7. நூறாவது அடியிலும் −7. அடைபடும் வேகம் பூஜ்யம் என்பதால் இடைவெளி ஒருநாளும் மூடாது. "எந்த ப-க்கு இரண்டும் ஒரே மதிப்பைத் தரும்?" என்று கேட்டீர்கள், "எந்த ப-க்கும் தராது" என்று இயற்கணிதம் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை அது 1 = 8 என்ற வடிவில் சொல்கிறது, அவ்வளவுதான். "இருந்தால்" என்று தொடங்கினோம், நேர்மையாக நடந்து ஒரு பொய்யில் வந்து முட்டினோம், எனவே அப்படி ஓர் இடம் இல்லை என்று உறுதியாகிறது. விடைத்தாளில் 1 = 8 என்று எழுதி அடித்துவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிக்க வேண்டாம். அதற்குக் கீழே "இது பொய்யாதலால் தீர்வு இல்லை, கோடுகள் இணை" என்று ஒரு வரி சேர்த்தால் அதுதான் முழு விடை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2ப + 1, 2(ப + 4) − 7 என்று இரண்டு சார்புகள் கொடுத்தால், விரித்தபின் 1 = 1 என்றோ 0 = 0 என்றோ நிற்கும். இடைவெளி தொடக்கத்திலேயே பூஜ்யம், மாறவும் இல்லை. எந்த ப-க்கும் உண்மை. ஒரே சார்பு இரண்டு உடையில் வந்திருக்கிறது, கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திக் கிடக்கின்றன. இங்கே "தீர்வு 0" என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 0 = 0 என்பதில் ப இல்லவே இல்லை, ஆகவே ப = 0 என்று அதிலிருந்து படிக்க முடியாது. எல்லா எண்களும் தீர்வு.

ஒரு தீர்வு, தீர்வே இல்லை, எல்லாமே தீர்வு. நான்காவதாக ஒன்று இருக்க முடியாது என்பதும் இடைவெளியிலிருந்தே தெரிகிறது. இடைவெளி ஒரே சீராக மாறும் அளவு. பூஜ்யத்தைக் கடந்துவிட்டால் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. அதனால் இரண்டு நேர்கோடுகள் சரியாக இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்வது நடக்காது. இதுவரை சொன்னதில் எதுவும் ஐயத்துக்கு இடமானதில்லை.

செய்முறையில் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற வாய்ப்பாட்டை நான் இப்போது சொல்லித்தருவதே இல்லை. அவசரத்தில் −2ப-ஐக் குறி மாற்றாமலே கொண்டுபோய் 3ப − 2ப = 15 என்று எழுதி, ப = 15 என்று முடித்துவிடுவார்கள். "இரு பக்கமும் 2ப கூட்டுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்தால் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இன்னொன்று, சரிபார்ப்பது. கிடைத்த ப-ஐ ஒரே ஒரு சார்பில் போட்டு ஒரு மதிப்பை எடுத்து, (15, 38) என்று புள்ளியை எழுதிவிடுகிறார்கள். ஒரு சார்பில் மட்டும் போட்டால் எந்த எண்ணும் ஏதோ ஒரு மதிப்பைத் தரும், தவறு வெளியே தெரியாது. இரண்டிலும் போடுங்கள். 15-ஐ முதல் சார்பில் போட்டால் 38, இரண்டாவதில் போட்டால் −22. உடனே தெரிந்துவிடும்.

இயற்கணிதம் கைவராதவர்களுக்கு நான் சொல்லித்தரும் இன்னொரு வழி இருக்கிறது. சீனத்தில் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழங்கணித நூலின் ஏழாம் அத்தியாயம் முழுக்க இதற்கே ஒதுக்கப்பட்டது, மிகையும் குறையும் என்று பெயர். லியூ ஹூய் என்பவர் கி.பி. 263-இல் அந்த நூலுக்கு உரை எழுதினார். வழி இதுதான்: கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எண்களை ஊகியுங்கள். 0 என்று ஊகித்தால் இடைவெளி −15, அதாவது குறை 15. 5 என்று ஊகித்தால் முதல் சார்பு 8, இரண்டாவது −2, மிகை 10. ஒவ்வோர் ஊகத்தையும் மற்றதன் இடைவெளியால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 × 10 + 5 × 15 = 75. குறையையும் மிகையையும் கூட்டுங்கள்: 25. வகுத்தால் 3. இரண்டு ஊகமும் ஒரே பக்கம் விழுந்தால், அதாவது இரண்டும் மிகை அல்லது இரண்டும் குறை என்றால், இரண்டு கூட்டலும் கழித்தலாகிவிடும், வரிசையை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் பலிக்கிறது? 0 முதல் 5 வரை போவதற்குள் இடைவெளி 25 மாறியிருக்கிறது, நமக்கு வேண்டியது முதல் 15 மட்டும், எனவே வழியில் 25-இல் 15 பங்கு போக வேண்டும். சார்புகள் நேரியலாக இருக்கும்வரை இது தோராயம் இல்லை, துல்லியமான விடை. வளைகோடுகளுக்கு இதைச் செய்தால் கிட்டத்தட்டத்தான் வரும், மறுபடி மறுபடி செய்து நெருங்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் 2.9-க்கு வருகிறேன். இங்கேதான் உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 3 என்பது உறுதி, ஏனென்றால் கொடுத்த கெழுக்கள் எல்லாம் முழு எண்கள், நடுவில் எதையும் தோராயமாக்கவில்லை. 2.9 என்பது தாள், பென்சில், கண் மூன்றும் சேர்ந்து கொடுத்த வாசிப்பு. ஓர் அலகுக்கு 1 செ.மீ. எடுத்திருந்தால் 0.1 என்பது 1 மி.மீ., தாளின் ஒரே ஒரு சிறு கட்டம். அரை செ.மீ. எடுத்திருந்தால் அரை மி.மீ., அது பென்சில் கோட்டின் தடிமன் அளவுதான். ஆகவே 2.9-உம் 3-உம் சண்டையிடவில்லை. வரைபடம் "3-க்குப் பக்கத்தில்" என்று சொல்கிறது, அதற்கு மேல் சொல்ல அதற்குச் சக்தி இல்லை. 3 என்பதும் 3.02 என்பதும் அந்தத் தாளில் ஒரே புள்ளி.

வரைவதையும் கொஞ்சம் செம்மையாக்கலாம். பெரும்பாலோர் ப = 0, ப = 1 என்று ஒட்டிய இரண்டு புள்ளிகளைக் குறித்துவிட்டு அளவுகோலை வைத்து நீட்டுகிறார்கள். ப = 1 இல் அரை மி.மீ. விலகினால் ப = 3 இல் அது ஒன்றரை மி.மீ. ஆகிவிடும். ப = 0, ப = 5 என்று வெட்டும் இடத்துக்கு இருபுறமும் தள்ளிய புள்ளிகளைக் குறியுங்கள். (0, −7), (5, 8) ஒரு கோட்டுக்கு, (0, 8), (5, −2) மற்றதற்கு. அப்போது பிழை வளராது, நடுவில் அடங்கிவிடும்.

ஆனால் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் காப்பாற்ற முடியாத கோடுகள் இருக்கின்றன. 0.50ப + 1, 0.52ப + 0.9 என்ற இரண்டை எடுங்கள். தொடக்க இடைவெளி 0.1, அடைபடும் வேகம் 0.02, வெட்டும் இடம் ப = 5. இப்போது 0.9-ஐ 0.8 என்று மாற்றுங்கள். இடைவெளி 0.2, வெட்டும் இடம் 10. வெட்டுத்துண்டு 0.1 நகர்ந்தது, விடை 5 நகர்ந்தது. உங்கள் கணக்கில் −7-ஐ −6.9 ஆக்கினால் 5ப = 14.9, விடை 2.98, வெறும் 0.02 நகர்கிறது. இரண்டிலும் ஒரே விதி: இடைவெளியில் உள்ள பிழையைச் சாய்வுகளின் வித்தியாசத்தால் வகுத்தால் விடையில் வரும் பிழை. சாய்வுகள் நெருங்க நெருங்க வகுக்கும் எண் சிறுத்து, பிழை பெருக்கிறது. கத்தரிக்கோலின் அலகுகளை அகல விரித்தால் வெட்டும் புள்ளி பளிச்சென்று தெரியும், ஏறக்குறைய மூடிவிட்டால் எங்கே தொடுகின்றன என்று சொல்வது கடினம். அதே காட்சிதான் இது.

அந்த 0.50-உம் 0.52-உம் பாடப்புத்தக எண்களாக இல்லாமல் அளந்து கிடைத்தவை என்றால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு தசம இடத்துக்குத் திருத்திய எண் 0.50 என்றால் உண்மையில் அது 0.495-க்கும் 0.505-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 0.52-உம் அப்படியே. சாய்வு வித்தியாசம் 0.01 முதல் 0.03 வரை எதுவாகவும் இருக்கலாம், வெட்டும் இடம் 3.3-இலிருந்து 10 வரை எங்கேயும் விழலாம். இத்தகைய தரவை வைத்துக்கொண்டு "5-இல் வெட்டுகின்றன" என்று எழுதுவது நியாயமாகாது. எந்த முறையும், எந்தக் கால்குலேட்டரும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் குறை முறையில் இல்லை, தகவலில் இருக்கிறது.

தகவல் துல்லியமாக இருந்தும் நாமே அதைக் கெடுத்துக்கொள்வது இன்னொரு வகை, வகுப்பில் வாரம் ஒருமுறையாவது பார்ப்பேன். முதல் சார்பு மூன்றில் ஒரு பங்கு ப + 2, இரண்டாவது 0.3ப + 3. பின்னமாகவே வைத்துக்கொண்டால் மூன்றில் ஒன்றிலிருந்து பத்தில் மூன்றைக் கழிக்க முப்பதில் ஒன்று, விடை ப = 30, இரண்டும் 12. மூன்றில் ஒன்றை 0.33 என்று எழுதிவிட்டால் 0.03ப = 1, விடை 33.3. 0.33 என்று எழுதியதில் நூற்றில் ஒரு பங்குதான் விட்டோம், விடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகிவிட்டோம். தோராயமாக்குவதைக் கடைசி வரிக்கு ஒத்திப்போடுங்கள்.

இதன் எல்லைக்கே போய்க் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கணினிகள் தசம எண்களைக் கையாளும் 1985-ஆம் ஆண்டுத் தரநிலையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரும், 1989-இல் டூரிங் விருது பெற்றவருமான வில்லியம் கஹான் 1966-இல் கொடுத்தது. 0.2161ப + 0.1441ம = 0.1440 ஒரு கோடு, 1.2969ப + 0.8648ம = 0.8642 மற்றொரு கோடு. யாரோ ஒருவர் ப = 0.9911, ம = −0.4870 என்று விடை கொண்டுவருகிறார். போட்டுப் பாருங்கள், முதல் சமன்பாடு 0.14400001 தருகிறது, இரண்டாவது 0.86419999 தருகிறது. இரண்டிலும் பிசகு பத்துக் கோடியில் ஒரு பங்குதான். யாராக இருந்தாலும் சரியான விடை என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உண்மையான விடை ப = 2, ம = −2. கையாலேயே சரிபார்க்கலாம்: 0.2161-இலிருந்து 0.1441 போக 0.0720, இரட்டித்தால் 0.1440. அடுத்ததில் 0.4321, இரட்டித்தால் 0.8642. இந்த இரண்டு கோடுகளின் சாய்வுகளும் பத்துக் கோடியில் 8 பங்கு மட்டுமே வேறுபடுகின்றன. இடைவெளி ஏறக்குறைய பூஜ்யமாகவே நெடுந்தூரம் ஓடுகிறது, அதனால் எங்கே நின்று பார்த்தாலும் வெட்டும் இடத்துக்கு வந்துவிட்டதுபோலத் தோன்றுகிறது. இரண்டிலும் போட்டுச் சரிபாருங்கள் என்று மேலே சொன்னேனே, அதற்கு இது வரம்பு கட்டுகிறது. இரண்டு மதிப்புகளும் அச்சொட்டாக ஒன்றானால் விடை சரி, ஐயமே இல்லை. ஏறக்குறைய ஒன்றானால், சாய்வுகள் நன்றாக விலகியிருக்கும்போது மட்டும் விடையும் ஏறக்குறைய சரி.

இந்த எடுத்துக்காட்டில் கோடுகள் வேறு வடிவில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாறியும் மதிப்பும் ஒரே பக்கம் இருக்கும் இவ்வடிவத்தில் நீக்கல் முறை, பிரதியிடல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை எல்லாம் வரும். கேப்ரியல் கிராமர் 1750-இல் வெளியிட்ட அணிக்கோவை விதியும் இதற்கானதே. அந்த விதியில் பகுதியாக, அதாவது வகுக்கும் எண்ணாக, நிற்கும் அணிக்கோவை (கெழுக்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் வரும் எண்), நாம் பேசிய சாய்வு வித்தியாசத்தின் இன்னொரு முகம்தான், பூஜ்யமானால் கோடுகள் இணை அல்லது பொருந்துபவை. இந்த வடிவத்தில் ப = 4 போன்ற செங்குத்துக் கோடும் இடம்பெறும். அது சார்பு ஆகாது, ஒரே ப-க்கு எண்ணற்ற மதிப்புகள் தருவதால். ஆனால் அதோடு வெட்டும் இடம் காண்பது எல்லாவற்றையும்விட எளிது, மற்ற சார்பில் 4-ஐப் போட்டால் முடிந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோட்டை நம்பிச் சார்பைக் கோட்டைவிட வாய்ப்பு இருக்கிறது. 2ப + 1, 4ப − 2 என்ற சார்புகளில் ப முழு எண்ணாக மட்டுமே இருக்கலாம் என்று கணக்கு சொல்லியிருந்தால்? தாளில் கோடுகள் ப = 1.5-இல் வெட்டுகின்றன. சார்புகளோ எங்கும் சந்திப்பதில்லை. ப = 1 இல் 3, 2 என்று முதலாவது மேலே இருக்கிறது. ப = 2 இல் 5, 6 என்று இரண்டாவது மேலே போய்விடுகிறது. ஒத்துப்போகும் கணம் இல்லாமலே முந்திவிடுகிறது. ப என்பது கடந்த நேரம் என்றால் எதிர்மறை விடையும் இப்படித்தான், கோட்டை நீட்டினால் வெட்டும், நிகழ்வில் வெட்டாது. கணக்கு ப-க்கு அனுமதித்த மதிப்பகத்துக்குள் விடை விழுகிறதா என்று பார்த்துவிட்டே எழுதுங்கள்.

தேர்வில் "வரைபட முறையில் தீர்க்க" என்று கேட்டால் என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வரைந்து, வாசித்து, 2.9 வந்தால் அதை அழித்துவிட்டு 3 என்று எழுத வேண்டாம், 2.9 என்றே விட்டுவிடவும் வேண்டாம். 3-ஐ இரண்டு சார்புகளிலும் போட்டுப் பாருங்கள், இரண்டும் 2 தருகின்றன. அந்தச் சரிபார்ப்பை வரைபடத்தின் கீழே இரண்டு வரியில் எழுதி, தீர்வு (3, 2) என்று குறியுங்கள்.